டேங்க் மேல செண்பகம்

உட்காருங்கக்கா, சீட்டு காலிதான். ஜன்னல் ஓரம் மட்டும் கேட்காதீக, இன்னைக்கு எனக்கு ஜன்னல் வேணும். அந்தா, பஸ்ஸுக்குப் பின்னால கறுப்பு வண்டியில ஒருத்தர் வாராகள்ல, வெள்ளைச் சட்டை, தலையில ஹெல்மெட்டு. அது எங்க வீட்டுக்காரக.

ஆமா, அவுக வண்டியில வாராக, நான் பஸ்ல போறேன். ரெண்டு பேரும் ஒரே ஊருக்குத்தான். எங்க அண்ணன் பேத்திக்கு இன்னைக்குக் காதுகுத்து. கண்டக்டர்கூட டிக்கெட்டு கிழிக்கும்போது கேட்டாரு, என்னம்மா சண்டையான்னு. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. அந்த வண்டியில ஏறமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். பிள்ளையார் கோயில் வாசல்ல, எங்க தெருச் சனம் அம்புட்டும் நிக்கும்போது பண்ணின சத்தியம்.

ஸ்ஸப்பா, என்னா வேர்வை. சேலைக்கு உள்ள மகளோட பேண்டு வேற போட்டிருக்கேன். ஏன்னு இப்பக் கேட்காதீக, வரிசையா வந்தாத்தான் உங்களுக்கு விளங்கும்.

என் பேரு சொர்ணம். கோயில்பட்டியில வீட்டுல வச்சு நைட்டி தைக்கேன். அவுக பள்ளிக்கூடத்துல பியூன். வெகுளி மனுஷன்க்கா. மணி அடிக்கச் சொன்னா அடிப்பாக, நிறுத்தச் சொன்னா நிறுத்துவாக. அதுக்கு மேல உலகத்துல என்ன நடக்குன்னு தெரியாது. அந்தா பாருங்க, வண்டியில இன்னொரு ஹெல்மெட்டு தொங்குது. எதுக்கு ரெண்டுன்னு கேட்டா, ஒண்ணு வாங்கினா ஒண்ணு சும்மா குடுத்தான்னாக. சும்மா குடுத்தா எதையும் வாங்கிட்டு வந்துருவாக.

வண்டி வாங்கணும்னு சொன்னதே நான்தான். எல்லாம் எங்க அண்ணன் பொண்டாட்டி, மதினியாலதான். எங்க ஊரு விலக்குல பஸ்ஸை விட்டு இறங்கினா உள்ள ஒண்ணரை கிலோமீட்டர் நடக்கணும். ஒரு கையில பை, ஒரு கையில தூக்குவாளி. போய்ச் சேரும்போது சேலை கசங்கி, செருப்பெல்லாம் புழுதி. வாசல்ல நின்னுக்கிட்டு மதினி கேப்பா, "வா சொர்ணம், பஸ்லயா வந்தே?" இருபத்திரெண்டு வருஷமா இதே கேள்வி. பறந்து வர்றதுக்கு எனக்கென்ன ரெக்கையா இருக்கு? அவ தங்கச்சி கார்ல வந்து இறங்குவா, அவகிட்ட ஒரு நாளும் "கார்லயா வந்தே"ன்னு கேட்டதில்லை. எனக்கு அழுகை வரும்க்கா. சிரிச்சுக்கிட்டே உள்ள போய் அடுப்படியில உட்கார்ந்துருவேன்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த வாசல்ல வண்டியில போய் இறங்கணும். அதுதான் என் ஆசை. நைட்டி தைச்சுக் கட்டின சீட்டு எடுத்து அவுக கையில குடுத்தேன். புதுசுக்குக் காணாது, பழசு பாருங்கன்னேன். அவுகளும் கூட வேலை பார்க்கிற வாத்தியாரைக் கூட்டிட்டுப் போய் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டியோட வந்து நின்னாக. கறுப்பு வண்டி, டேங்குக்குச் சிவப்பு ரெக்சின் உறை. பார்க்க லட்சணமா இருந்துச்சு.

சரின்னு பிள்ளையார் கோயில் வாசல்ல நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு, பூசாரி தேங்காயும் கையுமா நிக்காரு. தெருவே கூடிருச்சு. டேங்குக்குச் சந்தனம் வைக்கணும்லா, நான்தான் என் கையால உறையோட பட்டனை எடுத்தேன். எடுத்தா ரெண்டு பச்சைக்கிளி, மூக்கோட மூக்கு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. நடுவுல கொட்டை எழுத்துல, சிவப்புல எழுதி மஞ்சக் கரை கட்டி, "செண்பகம்".

வேற பேரா இருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்க்கா. எங்க கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னால இவுக எட்டயபுரத்துல ஒரு பொண்ணு பார்த்தாக. அவ பேரு செண்பகம். பஜ்ஜி தின்னு, காபி குடிச்சு, ஜாதகம் சேரலைன்னு எந்திரிச்சு வந்துட்டாக. கல்யாணமான புதுசுல அவுகளே சிரிச்சுக்கிட்டுச் சொன்னதுதான். சொல்லிட்டு மறந்துட்டாக, நான் மறக்கலை. எனக்குப் பொறாமை கிடையாது, எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஞாபகசக்தி சாஸ்தி. அவ்வளவுதான்.

கையில சந்தனக் கிண்ணத்தை வச்சுக்கிட்டு அவுக மூஞ்சியப் பார்த்தேன். அவுக கிளியைப் பார்க்காக. "சத்தியமாத் தெரியாது சொர்ணம், உறை போட்டிருந்துச்சு"ங்காக. பின்னால நின்ன பக்கத்து வீட்டு சரோஜா, "அண்ணாச்சி, யாரு அந்தச் செண்பகம்?"னு கேட்டா. எல்லாரும் சிரிச்சுட்டாக. எனக்கு வந்துச்சே கோவம்! பிள்ளையார் மேல சத்தியமா இந்தப் பேரு போற வரைக்கும் இந்த வண்டியில ஏறமாட்டேன்னு சொல்லி, சந்தனத்தைப் பூசாரி கையில குடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன். எலுமிச்சம்பழம்கூட அப்புறமா அவுகளாத்தான் ஏத்தி நசுக்கிட்டு வந்தாக, தனியா.

மறுநாள்லேருந்து அழிக்கிற வேலை. மொதல்ல உறையைத் திரும்ப மாட்டிப் பார்த்தாக. மூடி வச்சா ஆளு இல்லைன்னு ஆயிருமான்னேன். அடுத்தால சீமெண்ணெய். ஊரெல்லாம் நாறினதுதான் மிச்சம், ஒரு எழுத்து அசையலை. பியூட்டி பார்லர் பொண்ணுகிட்ட நகப்பூச்சு அழிக்கிற தண்ணி வாங்கிட்டு வந்தேன். அரை பாட்டில் தீர்ந்துச்சு, ஒரு கிளிக்கு மூக்கு மட்டும் போச்சு. கடைசியில ஞாயித்துக்கிழமை காலையில உப்புத்தாளைத் தண்ணியில முக்கி முக்கி உட்கார்ந்து தேய்ச்சாக. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, பல்லு விளக்குற பிரஷ் வச்சு ஓரமெல்லாம் சுரண்டி. பார்க்கப் பாவமாத்தான் இருந்துச்சு. பாவம் பார்த்தா பேரு போகுமா? நான் மோர் மட்டும் குடுத்தேன்.

மத்தியானம், "சொர்ணம், வந்து பாரு, சுத்தமாப் போயிருச்சு"ன்னாக. துணியால துடைச்சாக. துடைக்கத் துடைக்கப் பளபளன்னு வாராக்கா அவ! விக்கும்போதுதான் உறை மாட்டியிருக்காக, அதுவரைக்கும் ஒன்பது வருச வெயில்ல டேங்கு பூராவும் நரைச்சுப் போயிருக்கு. பேரு எழுதின எடத்துல மட்டும் வெயில் படலை. அதனால அந்த எடம் புது வண்டிக் கறுப்பு. முன்னால செவப்பா இருந்தா, இப்பக் கன்னங்கறேர்னு இருக்கா. ரெண்டு கிளியும் அப்பிடியே நிழலாட்டம் உட்கார்ந்திருக்கு, மூக்கு உட்பட. அவுக உப்புத்தாளைக் கீழே போட்டுட்டுத் தலையில கை வச்சு உட்கார்ந்துட்டாக.

உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. சிரிங்க, சிரிங்க. இப்ப நினைச்சா எனக்கும் சிரிப்புதான்.

பெறகு பெயின்டர் அந்தோணிகிட்டக் கொண்டு போனாக. டேங்கு பூரா ஒரே கறுப்பா அடிச்சிருவோம் அண்ணாச்சின்னான். அடிச்சான். கண்ணாடி மாதிரி இருந்துச்சு, என் மூஞ்சி தெரிஞ்சுச்சு. நானும் மனசு இறங்கி, சரி ஏறிக்கிடலாம்னு பக்கத்துல போய் லேசாத் தடவிப் பார்த்தேன். விரல்ல தட்டுது. செ. ண். ப. க. ம். கண்ணை மூடிக்கிட்டுப் படிக்கலாம்! நாங்க சுரண்டின மேடு பள்ளத்தை மட்டம் பண்ணாம அது மேலயே அடிச்சிருக்கான் அந்தோணி. வண்டியக் கழுவினா தண்ணி அந்த எழுத்து ஓரமாப் பார்த்துத்தான் நிக்குது. "தடவிப் பார்த்தாத்தானே தெரியும், நீ ஏன் தடவுற?"ன்னு கேட்டாக. கேக்கிற கேள்வியா அது? "சரி, மேல உன் பேரை எழுதிரட்டுமா?"ன்னாக. அவ மேல ஏறி நான் உட்காரணுமாக்கும்னு சொல்லிட்டு ரெண்டு நாள் பேசலை.

அவுகளும் வண்டியத் தாழ்வாரத்துல நிறுத்திட்டுப் பழையபடி சைக்கிள்ல பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சுட்டாக. நீ ஏறாத வண்டி எனக்கெதுக்குன்னாக. நான் அடுப்படிக்குள்ள போய் முந்தானையில மூக்கைச் சிந்திட்டு வந்தேன்க்கா. வெளிய காட்டிக்கிடலை.

இப்பத்தான் விஷயத்துக்கு வாரேன். இன்சூரன்ஸ் கட்டணும்னு எம் மக பீரோவுலேருந்து ஆர்சி புக்கை எடுத்தா. வாங்கின அன்னைக்கு உள்ள வச்சுப் பூட்டினது, எங்களில யாரு அதைப் படிச்சோம்? அதோட சேர்த்து மடிச்சு வச்சிருந்த பழைய காயிதத்தைப் பார்த்துட்டு, "எம்மா, இதுக்கு முன்னால வண்டி வச்சிருந்தவுக பேரே செண்பகம்தாம்மா, கழுகுமலை"ங்கா. எட்டயபுரத்துக்காரியக் கழுகுமலையில கட்டிக் குடுத்திருக்காக, இவுக போய் அவ வண்டியவே வாங்கிட்டு வந்திருக்காக! அப்பிடித்தானே தோணும்? உங்களுக்குத் தோணாதா? மறுநாள் காலையில அவுக மணி அடிக்கப் போனதும் இதே பஸ்ல ஏறிட்டேன். நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குற மாதிரிக் கேக்கணும்னு வழி நெடுக மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டே போனேன்.

காயிதத்துல இருந்த விலாசத்தை விசாரிச்சுப் போனா, கதவைத் திறந்தது ஒரு அறுபது வயசுப் பொம்பளை. நரைச்ச தலை, சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை, காலை இழுத்து இழுத்து நடை. வீடு பூரா முட்டை அட்டை. செண்பகம் யாருன்னேன். நான்தான்னாக. நாலு கேள்வியும் மறந்து போச்சுக்கா எனக்கு. வண்டின்னேன். டேங்குல பேருன்னேன். யாரு எழுதினான்னேன்.

"நான்தான் எழுதச் சொன்னேன். என் வண்டியில என் பேரை எழுதாம, வேற யாரு பேரை எழுதுவாக?"ன்னாக.

ரெண்டு மாசமா நானு, எங்க வீட்டுக்காரக, தெருச் சனம், அந்தோணி, ஒருத்தருக்காவது தோணுச்சா பாருங்க. வண்டியில பொம்பளை பேரு இருந்தா எவனோ ஆசைப்பட்டு எழுதினதுன்னுதானே நினைச்சோம்? செண்பகக்காவுக்கு முட்டை யாவாரம், வண்டிக்குப் பின்னால பத்து அட்டை முட்டையக் கட்டிக்கிட்டு ஒன்பது வருஷம் ஊரு ஊராப் போயிருக்காக. ஒரு முட்டை உடைஞ்சதில்லையாம். அது கொஞ்சம் சாஸ்திப் பேச்சு, இருந்தாலும் கேக்க நல்லா இருந்துச்சு. முழங்கால் போனப்புறம்தான் விக்க மனசு வந்துச்சாம்.

"பேரு இருக்கா?"ன்னு கேட்டாக. சுரண்டிட்டோம்னேன். "கிளியையுமா?"ன்னாக. எனக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சுக்கா, எதோ வீட்டுல வளர்த்த கிளியை நான் கொன்னுட்ட மாதிரி. தடவிப் பார்த்தா இன்னும் இருக்கு அக்கான்னேன். அதுல அவுகளுக்கு ஒரு சந்தோஷம்.

காபி குடுத்துக்கிட்டே கேட்டாக, "வண்டி யாரு காசு?" என் சீட்டுப் பணம்னேன். "ஓட்டுறது யாரு?" வீட்டுக்காரகன்னேன். "நீ?" நான் பின்னால உட்காருவேன்னேன். "உட்கார்ந்தியா?" இல்லைன்னேன். அவுக சிரிச்ச சிரிப்புல முட்டை அட்டையே ஆடிருச்சு. "செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை எனக்குக் கோயில்பட்டியில வசூல் இருக்கு. வாரேன், கத்துக்க"ன்னாக.

நானான்னேன். வண்டியான்னேன். இந்த வயசுலயான்னேன். எல்லாம் கேட்டுட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை ரெடியா நின்னேன்.

ஆமாக்கா! மெதுவாப் பேசுங்க, முன்சீட்டுக்காரன் திரும்பிப் பார்க்கான். பழைய பஞ்சு மில்லுக்குப் பின்னால பொட்டல் இருக்கு, ஆட்டைத் தவிர ஆள் கிடையாது. எங்க வீட்டுக்காரக பள்ளிக்கூடம் போனதும் வண்டியைத் தள்ளிக்கிட்டே போயிருவேன், அங்கதான் பதினோரு செவ்வாய். செண்பகக்கா ஒரு கல்லு மேல உட்கார்ந்துக்கிட்டுக் கத்துவாக. "கிளச்சை விடு! மெல்ல விடு! மாவு கரைக்கிற மாதிரி விடு!" வீட்டுல என்ன சொல்லிட்டுப் போனேங்கீக? கதிரேசன் மலைக் கோயிலுக்குப் பதினோரு செவ்வாய் விளக்குப் போடுறேன்னு. சரின்னுட்டாக. ஒரு கேள்வி கேக்கலை.

ரெண்டு தடவை விழுந்தேன். முழங்கை சிராய்ச்சுப் போச்சு. கோயில் படியில வழுக்கிட்டேன்னு சொன்னேன். எங்க வீட்டுக்காரக மஞ்சளை அரைச்சுப் பத்துப் போட்டுட்டு, "அடுத்த வாரம் என் முழுக்கைச் சட்டையை மேல போட்டுட்டுப் போ சொர்ணம், படி வழுக்கினாலும் சிராய்க்காது"ன்னாக. பாருங்க, எவ்வளவு வெகுளி! வண்டியில பெட்ரோல் குறையுது, அவுக ஓட்டுறதே இல்லை. பழைய வண்டி, நின்னுக்கிட்டே குடிக்குது போலன்னு அவுகளே சொல்லிக்கிட்டு அவுகளே ரொப்பிட்டு வந்து வச்சிருவாக. மொதல்ல கிளச்சு ரொம்ப இறுக்கம், என் கைக்கு அமுங்கலை. மூணாவது வாரம் பார்க்கேன், வெண்ணெயாட்டம் இருக்கு. தானாச் சரியாயிருச்சு. நல்ல நேரம்னு ஒண்ணு வந்தா எல்லாம் கூடி வருதுக்கா.

சத்தியத்துக்கு என்ன பண்ணினேன்னு கேக்கீகளா? பிள்ளையார்கிட்டப் போய், தெரியாமச் சொல்லிட்டேன், அது ஒரு பொம்பளை தன் பேரைத் தானே எழுதினது, போகவே வேண்டாம்னு சொல்லி ஒரு தேங்காய் உடைச்சு வாபஸ் வாங்கிட்டேன். அவுககிட்ட மட்டும் இன்னும் சொல்லலை. சொன்னா இன்னைக்கு உள்ள வேலை கெட்டுப் போகும்லா.

போன மாசம் எல்.எல்.ஆர் போட்டாச்சு. செண்பகக்காதான் கூட வந்தாக. லைசென்ஸ் உள்ள ஆளு ஒருத்தர் பின்னால உட்காரணும், வண்டியில சிவப்பு எல் ஒட்டணும்னு ஆபீஸ்ல சொல்லி அனுப்பினாக. பின்னால உட்கார ஆளு அந்தா வாராகள்ல. எல் வாங்கிப் பையில வச்சிருக்கேன். நீங்க வண்டியில வந்து விலக்குல நில்லுங்கன்னு நான்தான் சொல்லியிருக்கேன், எங்க ஊரு விலக்குல இறங்குவேன், அவுக நிப்பாக. எல் ஸ்டிக்கரை எடுத்து ஒட்டுவேன், பின்னால தள்ளி உட்காருங்கன்னு சொல்லுவேன். அந்த மனுஷன் மூஞ்சி எப்பிடிப் போகும்னு நினைச்சு நேத்துப் பூராத் தனியாச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். அங்கேருந்து ஒண்ணரை கிலோமீட்டர், நேரா மதினி வாசல். கேக்கட்டும் இன்னைக்கு, பஸ்லயா வந்தேன்னு!

கழுகுமலை வந்துருச்சு. அந்தா, அந்த டீக்கடைக்கு எதுத்தாப்புலதான் செண்பகக்கா வீடு. இன்னைக்கு நான் போறது தெரியும், வாசல்ல நின்னு கை காட்டுறேன்னு சொன்னாக... நிக்காக, நிக்காக. அக்காஆஆ! ஏங்கா, அது எங்க வீட்டுக்காரக வண்டிதானே, டீக்கடை வாசல்ல? எப்ப முந்திப் போனாக? ரெண்டு பேரும் கையில கிளாஸோட நிக்காக. பேசிக்கிடுறாக. இவுகளுக்கு அவுகள எப்பிடித் தெரியும்? சிரிக்காக வேற! இந்தா, செண்பகக்கா டேங்கைத் தடவிப் பார்க்காக, இவுக விரலைக் காட்டி இங்க இங்கங்காக. என்னக்கா நடக்குது இங்க?

சே, பஸ்ஸை எடுத்துட்டான்.

வழி கேட்டிருப்பாக. அப்பிடித்தான் இருக்கும். இருபத்திரெண்டு வருஷமா வர்ற ஊருக்கு எதுக்கு வழி கேக்காக? அதுவும் டீ குடிச்சுக்கிட்டு? நீங்க ஏன் இப்பிடிச் சிரிக்கீக? சட்டை, கிளச்சு, பெட்ரோல்னு விரலை மடக்குறீக. அவுகளா? போங்கக்கா. அவுக மணி அடிக்கிற மனுஷன், அம்புட்டு சூது வாதெல்லாம் கிடையாது.

சரி, விலக்கு வரப்போகுது. எல் ஸ்டிக்கரை எடுத்துக் கையில வச்சுக்கிடுவோம். இந்தப் பையிலதான் வச்சேன். தேங்காய், வெத்தலை, புள்ளைக்கு எடுத்த கவுனு, தோடு டப்பா... எங்க போச்சு? எல்.எல்.ஆர் சீட்டு இருக்கு, எல் ஸ்டிக்கரைக் காணோமே. நேத்து என் கையால வச்சேன்க்கா! காலையில பையைத் தூக்கி அவுக கையிலதான் குடுத்தேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும்...

அந்தா நிக்காக. நமக்கு முன்னால வந்து நிக்காக பாருங்க விலக்குல. புளியமரத்துக்கு அடியில வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அவுக... ஏங்கா, அவுக பின்சீட்டுல உட்கார்ந்திருக்காக. காலைச் சேர்த்து வச்சுக்கிட்டு, மடியில ஒரு ஹெல்மெட்டை வச்சுக்கிட்டு, கல்யாணப் பொண்ணு மாதிரி. வண்டி முன்னால பாருங்க, விளக்குக்கு மேல, சிவப்பா. எல்தானே அது? சுரண்டிச் சுரண்டியே ஓய்ஞ்ச கைக்கு ஒட்டவும் தெரியுது பாருங்க, கோணாம ஒட்டியிருக்காக.

ஐயோ, எனக்கு ஏன் கண்ணுல தண்ணி வருது? காதுகுத்துக்குப் போற நேரத்துல மை கலைஞ்சிருச்சா பாருங்க.

கண்டக்டர் அண்ணே, விலக்கு, விலக்கு! ஒரு நிமிஷம் நிறுத்துங்க. நகருங்கக்கா, வழி விடுங்க. என் வண்டி நிக்குது.